கடையைச் சாத்தாமல் ஒரு மாற்றம்





"சர்வர் டவுன் சார், அப்புறமா வாங்க." கவுன்டருக்கு அந்தப் பக்கமிருந்து இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. சென்ற மாதம் வந்த கடிதங்களில் இதையொட்டிப் பலர் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். வங்கிச் செயலி அவ்வப்போது நடுராத்திரியில் "பராமரிப்புப் பணி நடைபெறுகிறது" என்று கதவைச் சாத்திக்கொள்கிறது. வாட்ஸ்அப் அப்படி ஒரு அறிவிப்புப் போட்டு நாம் பார்த்ததில்லை. அவர்கள் தங்கள் சர்வர்களில் எதையும் மாற்றுவதே இல்லையா?

மாற்றுகிறார்கள், அதுவும் அடிக்கடி. 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப் மணிக்கணக்கில் முடங்கியது பலருக்கு நினைவிருக்கும், அது விபத்து. அன்றாட மாற்றங்கள் நம் கண்ணில் படாமலே நடந்து முடிகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நிறுத்தாமல் மாற்றும் அந்த வித்தைதான் இந்த இதழின் அட்டைக் கட்டுரை. கட்டுரைக்குள் நீங்கள் போகுமுன், எனக்குப் பட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதியதை உள்ளே விடுவது இதில் சின்ன வேலை. பழையதை யாருக்கும் நோகாமல் வழியனுப்புவதுதான் பெரிய வேலை. இந்தத் துறையின் வெற்றிக் கதைகளையும் விபத்துக் கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அதுதான் தெரிகிறது.

சாதாரணமாக ஒரு புரோகிராமை மாற்ற, அதை நிறுத்துவோம், புதியதை வைப்போம், மறுபடி ஓடவிடுவோம். நிறுத்தும்போது எது போகிறது? டிஸ்க்கில் எழுதிவைத்தது பத்திரமாக இருக்கும். மெமரியில் இருந்தது போய்விடும். பாதி பேசிய அழைப்பு, பாதி நிரப்பிய படிவம், இந்தக் கணக்கில் எடுத்தாகிவிட்டது ஆனால் அந்தக் கணக்கில் இன்னும் போடவில்லை என்ற நிலையில் இருக்கும் பணம், எல்லாமே அந்தரத்தில் நிற்கும். ஓடும் புரோகிராம் என்றால் அதன் வரிகளோடு, அந்த நொடியில் அது எந்த வேலையின் நடுவில் இருக்கிறது என்பதும் சேர்த்தி. மாற்றுகிறவருக்குத் தலைவலி தருவது இந்த இரண்டாவது பாதி.

சில மாற்றங்களை நிறுத்தித்தான் செய்ய முடியும். 1967 செப்டம்பர் 3 அன்று சுவீடன் நாடு சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. அன்று நள்ளிரவு 1 மணி முதல் காலை 6 மணி வரை அத்தியாவசிய வண்டிகள் தவிர மற்றவை சாலைக்கு வரக் கூடாது. வந்தவையும் 4.50 மணிக்கு நின்றுவிட வேண்டும். மெல்ல வலப்பக்கம் ஒதுங்கி, 5 மணி வரை காத்திருந்து, பிறகு கிளம்ப வேண்டும். பாதிப் பேர் பழைய விதி, பாதிப் பேர் புதிய விதி என்று சாலையில் ஒரு நிமிடம்கூட ஓட்ட முடியாது. அதனால் நாடே நின்று மாறியது.

அதே சுவீடனில், இருபது ஆண்டுகளுக்குள், எரிக்சன் நிறுவனத்தின் பொறியாளர்கள் நிறுத்தாமல் மாற்றவும் வழி தரும் ஒரு கணினி மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். அவர்கள் செய்தது தொலைபேசி இணைப்பகங்கள். இணைப்பகத்துக்கு அதிகாலைப் பத்து நிமிடம்கூட ஓய்வு கிடையாது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் யாரோ ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார். இந்தத் தொழிலின் கறார் எவ்வளவு பழையது என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். 1965இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் சுக்கசன்னா என்ற ஊரில் பெல் நிறுவனம் கணினி நிரலால் இயங்கும் தன் முதல் பெரிய இணைப்பகத்தைத் திறந்தது. அதற்கு வைக்கப்பட்ட இலக்கு, 40 ஆண்டுகளில் மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பது. ஆண்டுக்கு 3 நிமிடம். அதற்குள்தான் ரிப்பேர், அப்டேட், விபத்து எல்லாம்.

எரிக்சனில் 1986 வாக்கில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய மொழியின் பெயர் எர்லாங். அதில் ஒவ்வொரு அழைப்பையும் ஒரு குட்டிச் செயல்முறை தனியாகக் கவனித்துக்கொள்ளும். ஒன்று செத்தாலும் பக்கத்தில் இருப்பதற்குக் காய்ச்சல்கூட வராது. இந்த அமைப்புதான் ஓடும்போதே மாற்றுவதற்கும் வழி செய்தது. எப்படி என்று சற்றே கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

ஓர் அழைப்பைக் கவனிக்கும் செயல்முறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். யார் கூப்பிட்டார், யாரைக் கூப்பிட்டார், எத்தனை மணிக்குப் பேச்சு தொடங்கியது, இந்த மூன்றும் அதன் நினைவில் இருக்கின்றன. புதிய வெர்ஷனில் நான்காவதாகக் கட்டண வகையும் வேண்டும் என்று முடிவாகிறது. மாற்றும் நேரம் வரும்போது, எர்லாங் முதலில் அந்தச் செயல்முறையைச் "சற்றுப் பொறு" என்கிறது. அது கையில் இருக்கும் செய்தியை முடித்துவிட்டு நிற்கிறது. அதற்குள் வரும் புதுச் செய்திகள் அதன் தபால் பெட்டியில் சேர்ந்துகொண்டிருக்கும், எதுவும் தொலையாது. அடுத்து புதிய நிரல் மெமரியில் ஏற்றப்படுகிறது. பிறகு "கோட் சேஞ்ச்" என்ற ஃபங்ஷன் ஓடுகிறது. அதன் கையில் பழைய வெர்ஷன் எது என்பதையும் பழைய நினைவையும் கொடுப்பார்கள். அது புதிய வடிவத்தில் நினைவைத் திருப்பித் தரும். மூன்று கட்டங்களாகப் போனது நான்கு கட்டங்களாக வெளியே வரும். கடைசியாக "கிளம்பு" என்ற உத்தரவு. தபால் பெட்டியில் காத்திருந்த செய்திகளைப் புதிய நிரல் எடுத்துப் படிக்க ஆரம்பிக்கும். இத்தனையும் கண் மூடித் திறப்பதற்குள்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் அந்த நான்காவது கட்டம், அதாவது கட்டண வகை. மாற்றத்துக்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டவருக்கு எந்தக் கட்டண வகை? கணினிக்குத் தெரியாது, மொழிக்கும் தெரியாது. பழைய விதியின் கீழ் பேசத் தொடங்கியவரைப் பழைய விதிப்படியே விட்டுவிடலாமா, புதிய கணக்கில் சேர்க்கலாமா என்பதை ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து அந்த ஃபங்ஷனில் எழுதிவைக்க வேண்டும். எர்லாங் செய்த உதவி என்னவென்றால், அதை எழுத ஓர் இடம் ஒதுக்கி, எழுதியதைச் சரியான நேரத்தில் கூப்பிடுவது.

இன்னொரு விதியும் அங்கே உண்டு. நிரலின் ஒரு பகுதிக்கு (மாட்யூலுக்கு) ஒரே நேரத்தில் இரண்டு வெர்ஷன்கள்தான் மெமரியில் இருக்கலாம். நடப்பு ஒன்று, பழையது ஒன்று. புதிதாகக் கூப்பிடப்படும் வேலைகள் நடப்பு வெர்ஷனுக்குப் போகும்; ஏற்கெனவே பழையதில் ஓடிக்கொண்டிருப்பவை தங்கள் வேலையை முடித்துக்கொண்டு வரலாம். மூன்றாவது வந்து ஏறினால், இன்னும் முதலாவதில் உட்கார்ந்திருக்கும் செயல்முறைகளுக்கு முடிவு கட்டப்படும். கறாராகத் தோன்றும். ஆனால் இப்படி ஒரு கணக்கு இல்லையென்றால் பழசு, பழசுக்குப் பழசு, அதற்கும் பழசு என்று சேர்ந்துகொண்டே போகும். பழையதற்கு அவகாசம் உண்டு, அந்த அவகாசத்துக்கு ஒரு எல்லையும் உண்டு.

எர்லாங்கின் வாழ்க்கையும் சுவையானது. 1998இல் பத்து லட்சம் வரிகளுக்கு மேல் எர்லாங்கில் எழுதப்பட்ட ஏஎக்ஸ்டி 301 என்ற இணைப்பகத்தை எரிக்சன் வெளியிட்டது. அதே ஆண்டில், புதிய தயாரிப்புகளில் எர்லாங் கூடாது என்று நிறுவனத்துக்குள்ளேயே தடையும் வந்தது. ஆண்டு முடிவதற்குள் மொழி ஓப்பன் சோர்ஸாக உலகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. பிறகு அதை எடுத்துக்கொண்ட நிறுவனங்களில் ஒன்றுதான் வாட்ஸ்அப். நாம் காலையில் அனுப்பும் வணக்கச் செய்திகள் எர்லாங் சர்வர்கள் வழியாகத்தான் போகின்றன.

எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கும் நல்ல பதில் ஒன்று உண்டு. 1990இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஜெஃப் கிராமர், ஜெஃப் மகீ இருவரும் ஒரு கட்டுரையில் அதைத் தெளிவாக்கினார்கள். ஒரு பகுதியை மாற்ற வேண்டுமானால், அது தொடங்கிவைத்த வேலை எதுவும் பாதியில் இருக்கக் கூடாது. புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. அதை நம்பி மற்றவர் தொடங்கிய வேலையும் நிலுவையில் இருக்கக் கூடாது. அந்த ஒரு பகுதி மட்டும் அப்படி அமைதியாகும் நேரம் பார்த்து மாற்றிவிட்டால், சுற்றியிருக்கும் மற்றவை ஓடிக்கொண்டே இருக்கலாம். மூன்றாவது நிபந்தனைதான் கடினம். "நான் சும்மா இருக்கிறேன்" என்று ஒரு பகுதி தானே சொல்வது போதாது. அதை நம்பியிருப்பவர்களிடமும் கேட்க வேண்டும்.

இதுவரை ஒரே ஒரு புரோகிராமைப் பற்றிப் பேசினோம். இப்போது ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

இன்று பெரிய நிறுவனங்கள் ஒரு மென்பொருளைத் தனியாகச் செய்வது குறைவு. ஒரு பொது அடித்தளத்தைக் கட்டி, அதன்மேல் வசதிகளைக் கூட்டியும் குறைத்தும் பல வாடிக்கையாளர்களுக்குப் பல வடிவங்களில் தருகிறார்கள். சாஃப்ட்வேர் புராடக்ட் லைன் என்று துறையில் சொல்வார்கள். புரோகிராம்களைக் குடும்பமாக யோசிக்க வேண்டும் என்று டேவிட் பார்னாஸ் 1976இலேயே எழுதினார். 1980களின் நடுவில் சுவீடன், டென்மார்க் ஆகிய இரு கடற்படைகளின் கப்பல்களுக்கும் ஒரே சமயத்தில் கட்டுப்பாட்டு மென்பொருள் செய்ய வேண்டிய நெருக்கடி ஒரு நிறுவனத்துக்கு வந்தது. பின்னாளில் செல்சியஸ்டெக் என்று அறியப்பட்ட அந்நிறுவனம், இரண்டையும் தனித்தனியாக எழுத ஆள் போதாது என்று கண்டு, ஒரே குடும்பமாகக் கட்டியது. புராடக்ட் லைன் பாடப் புத்தகங்களில் அந்தக் கதை நிரந்தர இடம் பிடித்துவிட்டது.

குடும்பம் எவ்வளவு சீக்கிரம் பெருகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வேண்டும் அல்லது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கக்கூடிய வசதிகள் 33 இருந்தால் போதும். இரண்டை 33 முறை பெருக்கினால் 858 கோடிக்கு மேல் வருகிறது. உலகத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வடிவம் கொடுத்தாலும் மிச்சம் இருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இப்படித் தேர்ந்தெடுக்கும் வசதிகள் பத்தாயிரத்துக்கும் மேல். அதே கெர்னல்தான் உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் ஓடுகிறது, உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளிலும் ஓடுகிறது. ஒரு குடும்பம் என்று சொன்னாலும், கொள்ளுத் தாத்தாவுக்கும் கொள்ளுப் பேரனுக்கும் உள்ள தூரம் அது.

இந்தக் குடும்பத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் என்ன ஆகும்? மூல நிரலில் திருத்தம் இரண்டு வரியாக இருக்கலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வடிவத்திலும் அந்த இரண்டு வரி வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். சிலவற்றில் அது இருக்கவே இருக்காது, அந்த வசதியையே அவர்கள் எடுத்திருக்க மாட்டார்கள். சிலவற்றில் ஒன்றுக்கு நாலாக இருக்கும். ஏனென்றால் சின்ன ஃபங்ஷன்களை கம்பைலர் வேகத்துக்காகக் கூப்பிடும் இடங்களிலேயே ஒட்டிவிடும். "இந்த ஃபங்ஷனை மாற்று" என்று சொன்னால், எந்தெந்த இடத்தில் அதன் பிரதி ஒட்டியிருக்கிறது என்று தேடிப் பிடித்து அத்தனையையும் மாற்ற வேண்டும். அதனால் ஓடும் கெர்னலுக்கான திருத்தம் (பேட்ச்), ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாகத் தைக்கப்படுகிறது.

தைக்கும் விதமும் அழகானது. இன்டெல் வகை 64 பிட் கணினிகளில் லினக்ஸ் கெர்னலின் பெரும்பாலான ஃபங்ஷன்களின் வாசலிலும் 5 பைட் இடம் சும்மா விடப்பட்டிருக்கும். சாதாரண நாட்களில் "ஒன்றும் செய்யாதே" என்பதுதான் அங்கே இருக்கும் கட்டளை. பேட்ச் வரும்போது அந்த 5 பைட்டில் ஒரு திசைமாற்றுக் கட்டளை எழுதப்படுகிறது. பழைய ஃபங்ஷனின் வாசலுக்கு வந்தவர் அப்படியே புதிய ஃபங்ஷனுக்குத் திருப்பிவிடப்படுவார். பழைய கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ளே போய்விட்டவர்கள்? அவர்கள் வெளியே வரும் வரை காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வேலையாகப் பார்த்து, அது பழைய ஃபங்ஷனுக்குள் இல்லை என்று உறுதியானதும் அதை மட்டும் புதிய பக்கத்துக்கு மாற்றுகிறார்கள். உள்ளே போய்த் தூங்கிவிட்ட வேலை ஒன்று இருந்தால், அது எழும் வரை மாற்றம் முழுமை பெறாது.

2009இல் எம்ஐடியைச் சேர்ந்த ஜெஃப் அர்னால்டும் ஃபிரான்ஸ் காஷூக்கும் கேஸ்ப்ளைஸ் என்ற கருவியைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தத் துறைக்கு ஒரு மைல்கல். 2005 மே முதல் 2008 மே வரை லினக்ஸுக்கு வந்த 64 முக்கியப் பாதுகாப்புத் திருத்தங்களை எடுத்துக்கொண்டு, எத்தனையை ரீபூட் செய்யாமல் ஏற்ற முடியும் என்று பார்த்தார்கள். 56 திருத்தங்களுக்கு ஒரு வரிகூடப் புதிதாக எழுத வேண்டியிருக்கவில்லை. மீதி 8க்கு மட்டும் புரோகிராமர் உட்கார்ந்து சில வரிகள் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த எட்டும் எவை தெரியுமா? தரவின் வடிவத்தையோ பொருளையோ மாற்றியவை. பழைய நிரல் ஏற்கெனவே மெமரியில் எழுதிவைத்துவிட்டுப் போனதைப் புதிய நிரல் எப்படிப் புரிந்துகொள்வது என்ற சிக்கல். எர்லாங்கில் பார்த்த அதே நான்காவது கட்டம், கெர்னலுக்குள்ளும். 2015இல் வந்த லினக்ஸ் 4.0 முதல் ஓடும்போதே பேட்ச் போடும் வசதி கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது.

இனி விபத்துகள். இரண்டு சொல்கிறேன்.

1989 டிசம்பர் நடுவில் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் தன் நெடுந்தொலைவு இணைப்பகங்களில் புதிய மென்பொருளை ஏற்றியது. மொத்தம் 114 இணைப்பகங்கள். ஏற்றும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. சேவை நிற்கவில்லை. புகார் இல்லை. ஒரு மாதம் கழித்து, 1990 ஜனவரி 15 பிற்பகலில், நியூயார்க்கில் ஓர் இணைப்பகம் சின்னக் கோளாறு ஒன்றால் சில விநாடிகள் தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. அது வழக்கமானதுதான். திரும்பி வந்ததும் பக்கத்து இணைப்பகங்களுக்குச் செய்தி அனுப்பியது. ஒரு செய்தியைக் கையாளும்போதே இரண்டாவது செய்தி வந்து சேர்ந்தால், புதிய நிரலில் தவறான இடத்தில் இருந்த ஒரு "பிரேக்" கட்டளையால் அந்த இணைப்பகமும் ரீசெட் ஆனது. அது எழுந்து வந்து தன் பக்கத்தில் இருப்பவற்றுக்குச் செய்தி அனுப்ப, அவையும் விழுந்தன. நாடு முழுக்க 9 மணி நேரம் விழுவதும் எழுவதுமாகப் போனது. ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த 114 பேருக்கும் ஒரே நோய்.

இதிலிருந்து துறை கற்றுக்கொண்டது, எல்லோரையும் ஒரே நாளில் மாற்றாதே என்பது. இன்று முதலில் நூற்றில் ஒரு சர்வரை மாற்றி, அதன் நாடியைப் பார்த்து, பிறகு பத்து, பிறகு பாதி என்று போகிறார்கள். சில நாட்களோ வாரங்களோ பழையதும் புதியதும் அருகருகே ஓடும். பழையது ஓடிக்கொண்டிருப்பதால், ஏதாவது தப்பானால் திரும்பிப் போக இடம் இருக்கும். பழைய வெர்ஷன் அந்தக் காலத்தில் காப்பீடு.

காப்பீட்டையே கணக்கில் எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டாவது விபத்து. 2012 ஆகஸ்ட் 1. அமெரிக்கப் பங்குச் சந்தையில் நைட் கேப்பிடல் என்ற பெரிய வர்த்தக நிறுவனம். நியூயார்க் பங்குச் சந்தை அன்று தொடங்கும் ஒரு புதிய திட்டத்துக்காக, அவர்கள் தங்கள் 8 சர்வர்களில் புதிய நிரலை ஏற்றினார்கள். ஏற்றியவர் ஒரு சர்வரை விட்டுவிட்டார். இரண்டாவது ஆள் சரிபார்க்கும் வழக்கம் அங்கே இல்லை.

ஒரு சர்வர் பழைய நிரலில் ஓடினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். பழைய நிரலுக்குள் "பவர் பெக்" என்ற ஒரு வசதி இருந்தது. 2003க்குப் பிறகு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை; ஆனால் யாரும் அதை நீக்கவும் இல்லை. அதைக் கிளப்பிவிடும் சுவிட்சை, புதிய வசதிக்கும் அதே சுவிட்ச் போதும் என்று எடுத்து வைத்துக்கொண்டார்கள். சந்தை திறந்தது. சுவிட்ச் போடப்பட்டது. ஏழு சர்வர்களில் புதிய வசதி ஓடியது. எட்டாவதில் ஒன்பது ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்த பவர் பெக் எழுந்து உட்கார்ந்து, ஆர்டர் நிறைவேறிவிட்டது என்பதே தெரியாமல், மேலும் மேலும் ஆர்டர் அனுப்பியது.

சந்தை திறப்பதற்கு முன்பே, காலை 8.01 மணியிலிருந்து, அந்த அமைப்பு பவர் பெக் பெயரைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கை மணி என்று வடிவமைக்கப்படாததால் யாரும் பொருட்படுத்தவில்லை. அடுத்து நடந்ததுதான் இன்னும் கொடுமை. புதிய நிரலில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை எடுத்துவிட்டார்கள். சுவிட்ச் இன்னும் போட்டபடியே இருந்தது. இப்போது எட்டிலும் பவர் பெக். ஏறத்தாழ 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள், 46 கோடி டாலருக்கு மேல் நட்டம். அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்துபோனது.

இந்தக் கதையைப் புராடக்ட் லைன் வேலை செய்யும் நண்பர்கள் சுவரில் எழுதி மாட்டிக்கொள்ளலாம். குடும்பத்து மென்பொருளில் வசதிகள் எல்லாமே சுவிட்சுகள்தான். வாடிக்கையாளருக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று, மாடலுக்கு ஒன்று என்று சுவிட்சுகள் சேரும். புதிய சுவிட்ச் வைக்க ஆயிரம் பேர் கேட்பார்கள். பழைய சுவிட்சை எடுக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். அதை எடுத்தால் எந்த வாடிக்கையாளருக்கு வலிக்கும் என்றும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. "இருந்துட்டுப் போகட்டுமே" என்பதுதான் எந்த டீமிலும் கேட்கும் பதில்.

தரவுத்தளத்திலும் இதே கதைதான். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே தொலைபேசி எண் என்று இருந்ததைப் பல எண்கள் என்று மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தாமல் செய்ய விரும்புகிறவர் முதலில் பழைய இடத்தைத் தொடாமல் புதிய இடத்தைச் சேர்ப்பார். பிறகு சில காலம் இரண்டிலும் எழுதுவார். பழைய பதிவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதிய இடத்துக்கு நகர்த்துவார். படிப்பதைப் புதிய இடத்துக்கு மாற்றுவார். பழையதில் எழுதுவதை நிறுத்துவார். ஆறாவதாக, பழைய இடத்தை அழிப்பார். முதல் ஐந்து படிகளுக்குக் காலக்கெடு இருக்கும், மேலதிகாரி கேட்பார். ஆறாவது படிக்கு அநேகமாக எந்தக் கெடுவும் இருக்காது. ஐந்தாண்டு கழித்து வேலைக்குச் சேரும் பிள்ளை, "இதில் எந்த இடம் உண்மையான எண்?" என்று விழித்துக்கொண்டு நிற்கும்.

அப்படியானால் எல்லோரும் நிறுத்தாமல்தான் மாற்ற வேண்டுமா? தேவையில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கும் கடையின் பில்லிங் மென்பொருளுக்கு இந்த வித்தை எதற்கு? பத்து மணிக்கு அப்டேட் போட்டுக்கொள்ளலாம். எர்லாங் எழுதுகிறவர்களிலேயே பலர், முடிந்த இடங்களில் சர்வர்களை ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்வதையே விரும்புகிறார்கள். ஓடும் கெர்னலுக்குப் பேட்ச் தரும் நிறுவனங்களும், அடுத்த வசதியான நேரத்தில் ரீபூட் செய்து முழு அப்டேட்டை ஏற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கின்றன. உங்கள் கையில் இருக்கும் போனும் இடைப்பட்ட வழியில்தான் போகிறது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், பல போன்களில் இயங்குதளத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்றில் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புதியது ஏறும். பிறகு ஒரே ஒரு ரீஸ்டார்ட். புதியது எழுந்து நிற்கவில்லை என்றால் பழையதிலேயே திரும்பிவிடும்.

வங்கியைக் குறை சொன்ன வாசகர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. செய்தி ஒன்று அரை விநாடி தாமதமாக வந்தால் உறவு முறிந்துவிடாது. கணக்கேட்டில் பாதிப் பதிவு பழைய முறையிலும் பாதி புதிய முறையிலும் இருந்தால், மறுநாள் காலையில் ஐந்தொகை நேராகாது. அதற்காக இரவு இரண்டு மணிக்கு ஒரு மணி நேரம், முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்துவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. சொல்லாமல் நிறுத்துவதும், பகலில் வரிசையில் நிற்கவைத்து "அப்புறமா வாங்க" என்பதும்தான் குற்றம்.

இந்த இதழில் அட்டைக் கட்டுரையோடு, கல்லூரி மாணவர்கள் தங்கள் மடிக்கணினியிலேயே எர்லாங்கை நிறுவி, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறு புரோகிராமை நிறுத்தாமல் மாற்றிப் பார்ப்பதற்கான செய்முறையும் இருக்கிறது. இருபது வரிக்குள் முடியும். மேலே நான் சொன்ன நான்காவது கட்டத்தை நீங்களே எழுதிப் பார்க்கும்போதுதான் அதன் ருசி தெரியும். மாற்றும்போது புரோகிராம் விழுந்தால் பயப்பட வேண்டாம். எது விழுந்தது, எது விழவில்லை என்று குறித்துவைத்து எழுதுங்கள். நல்ல குறிப்புகளை அடுத்த இதழில் வெளியிடுவோம்.

துறையில் வேலை செய்யும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். "என்ன புதிதாகச் செய்தீர்கள்" என்று கேட்டு உங்களுக்கு நிறையப் பேர் மின்னஞ்சல் அனுப்புவார்கள். நான் மாற்றிக் கேட்கிறேன். இந்த ஆண்டு உங்கள் டீம் எதை எடுத்தது? எந்தப் பழைய சுவிட்ச், எந்தப் பழைய டேபிள், யாரும் கூப்பிடாத எந்த ஃபங்ஷன்? அதை எடுக்க யாரிடமெல்லாம் கேட்டீர்கள், எடுத்த அன்று ராத்திரி தூக்கம் வந்ததா? நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள். எடுத்தவற்றின் பட்டியல் ஒன்றை இந்தப் பக்கத்திலேயே போடலாம் என்றிருக்கிறேன். அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் வந்து சேரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்